வாசலில் ஒரு ஸ்தோத்திரம்

என் மாமியார் ராணியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். அப்படிப்பட்டவரைப் பொய் சொல்ல வைக்கத்தான் நானும் என் மனைவி வினோதினியும் பாடாய்ப் பட்டோம்.

வினோதினிக்கு எஸ்சி ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டார்கள். இது கிறிஸ்தவக் குடும்பம், இவர்களுடைய சாதிச் சான்றிதழ் செல்லாது என்று. எழுதியிருந்தது உண்மைதான். மாமியார் கீழ்பென்னாத்தூரில் ஒரு பம்புசெட் தொட்டியில் முங்கி ஞானஸ்நானம் வாங்கியவர். மகளையும் ஞாயிறுதோறும் ஜெபத்துக்குக் கூட்டிப்போய் வளர்த்தவர். எந்தச் சாமியிடமும் சிக்காமல் ஆட்டோ ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

பிடித்த சாமியைக் கும்பிடலாம் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. கும்பிட்டால் எஸ்சி பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று பழைய உத்தரவு ஒன்று சொல்கிறது. இந்து, சீக்கியர், பௌத்தர் என்றால் சரி. ஏசு என்றாலோ அல்லா என்றாலோ சாதி போய்விட்டதாம். எங்கே போனது? அடி அண்ணாமலையில் எங்கள் தெருவை இன்றைக்கும் காலனி என்றுதான் கை காட்டுகிறார்கள். டவுனில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது எங்களை எந்தச் சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை, எந்தத் தெரு என்றுதான் கேட்டார்கள். அந்த உத்தரவை மாற்று என்று நான் எவ்வளவு கத்தினாலும் அது என் ஆட்டோவுக்குள்தான் கேட்கும்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலிருந்து விசாரணைக்கு அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் பௌர்ணமி. பக்கத்து வீட்டு ஜோதியம்மாளிடம் அண்ணாமலையார் படத்தை இரவல் வாங்கி மாட்டினோம். வினோதினி அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

"வேணாம்மா. வேல போனா போவட்டும்," என்றாள் திடீரென்று.

"போனா இன்னா பண்ணுவ? என்ன மாதிரி கல்லு சொமக்கப் போவியா? சும்மா இரு. சட்டத்த மாத்தறவங்க மெதுவா மாத்தட்டும். கர்த்தருக்கு நம்ம நெலம தெரியும்," என்றார் மாமியார்.

அதிகாரி வந்தார். நடுத்தர வயது, களைத்த முகம். உட்கார்ந்ததும் படத்தைப் பார்த்தார். அது தொங்கிய புது ஆணியையும் பார்த்தார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறதுண்டாம்மா?"

"இல்லீங்க."

"உங்க பொண்ணு?"

"இல்லீங்க. நாங்க அண்ணாமலையாரக் கும்புடறவங்க."

பிசிறில்லாமல் சொன்னார். எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஜோதியம்மாள் வேறு எட்டிப் பார்த்து, "கார்த்திகைக்கு எங்க வூட்டுக்கு முன்ன இவங்க வூட்லதான் வெளக்கேத்துவாங்க சார்," என்று தன் பங்குக்கு அளந்தார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு எழுந்தார்.

வாசலில் செருப்பை மாட்டியவர் மாமியார் பக்கம் திரும்பினார். தணிந்த குரலில், "ஸ்தோத்திரம்மா," என்றார்.

சபைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சொல்லும் வணக்கம் அது. கேட்ட வாய் தானாகத் திருப்பிச் சொல்லிவிடும். மாமியாரின் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். வினோதினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெளியே கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

"அரோகரா," என்றார் மாமியார்.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அறிக்கை எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. வினோதினியின் வேலை நிலைத்தது. "அந்த ஆளு வல வீசிப் பாத்தான், அத்த சிக்கவே இல்ல," என்று நான் சிரித்தேன். மாமியார் சிரிக்கவில்லை.

"வலயா இருந்தா அவரு எதுக்கு மாப்ள தலயக் குனிஞ்சாரு?"

அவர் எந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரோ, அவர் வீட்டுச் சுவரில் யார் படம் தொங்குகிறதோ, யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை வினோதினி ஜெபத்துக்குக் கூப்பிட்டாள். மாமியார் எழுந்திருக்கவில்லை. நானும் சொல்லிப் பார்த்தேன். உயிர் பிழைக்கச் சொன்ன பொய்தானே, சாமி மன்னிக்காதா என்றேன்.

"ஆபீசருகிட்ட சொன்ன பொய்ய மன்னிச்சிடுவாரு மாப்ள. அது பொழப்பு. ஆனா வாசல்ல நின்னவரு ஆபீசரா நிக்கல. பயந்துக்கினு, தொணைக்கு ஆளு தேடிக்கினு நின்னாரு. அது எனக்கு அப்பவே தெரிஞ்சிது. தெரிஞ்சிதான் அரோகரான்னேன்."