போனுக்குள் இருந்த பூண்டுத் தோட்டம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு விரல் சும்மா இருப்பதில்லை. போன் எதைக் கேட்டாலும் 'சரி' என்று அமுக்கிவிடுகிறார்கள். போட்டோவைப் பார்க்கட்டுமா? சரி. நீ நிற்கிற இடத்தைச் சொல்லட்டுமா? சரி. வாசலில் வந்து நிற்கிறவனுக்கு இப்படி யாராவது பீரோவைத் திறந்து காட்டுவார்களா? டவுன் பஸ் முழுக்கக் கேட்கும்படி பொருமிக்கொண்டே வந்து செண்பகனூரில் இறங்கினார் கவுஞ்சி ஊர்க்காரர் திருமலைச்சாமி. கூட வந்த மைத்துனன் வேலப்பன் அதுவரை தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தான்.

திருமலைச்சாமிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும், அத்தோடு சரி. அதனால் பூண்டுத் தோட்டத்துச் சங்கதி முழுவதையும் போனிடம் பேசி வைப்பார். எந்தப் பாத்தியில் எந்த விதை, எந்த மருந்துக்கு இலை கருகியது என்று மூன்று வருசத்துப் பேச்சு உள்ளே இருந்தது. அதைக் கேட்டுத்தான் நடுவார். அடுத்த வாரம் நடவு. போனோ, இடமில்லை என்று பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறது. கம்பெனிக்காரன் உள்ளே வைத்து அனுப்பிய விளையாட்டு ஆப்களும் கடை ஆப்களும் விரட்டினாலும் போகவில்லை.

போன் பழுது பார்க்கும் கடையில் கண்மணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரூட் பண்ணிட்டா இதையெல்லாம் தூக்கிரலாம் பெரியப்பா. இப்பச் சாவி கம்பெனிக்காரங்ககிட்ட இருக்கு. அது உங்க கைக்கு வந்துரும். ஆனா, பூட்டத் திறக்கும்போது உள்ள இருக்கிறது முழுக்க அழிஞ்சிரும். முதல்ல என் கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துக்கலாம்."

"அது நடக்காது தாயி. என் பேச்சு ஒன் டப்பாவுல எதுக்குக் கெடக்கணும்?"

"ஆமா, இவரு பூண்டு ரகசியத்துக்கு அமெரிக்காக்காரன் காத்துக் கெடக்கான்" என்றான் வேலப்பன்.

"ஏலே, நீ பொத்து."

கண்மணி சிரித்துக்கொண்டே பிரிக்காத மெமரி கார்டு ஒன்றை எடுத்தாள். பேச்சையெல்லாம் அதில் ஏற்றினாள். சிம்மைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எல்லாம் ஏறிருச்சு."

"நான் எப்படி நம்புறது?"

"நியாயந்தான். காப்பி சரியா இருக்கான்னு பாக்காம அழிக்கக் கூடாது." கார்டை இன்னொரு போனில் போட்டு, கைக்கு வந்த ஒன்றை அமுக்கினாள். திருமலைச்சாமியின் குரல் கடையே அதிரும்படி எழுந்தது.

"மேல் பாத்தி. வேலப்பன் சொன்ன மருந்து நல்லாத்தேன் கேட்டுச்சு. அவன்கிட்டச் சொல்லக் கூடாது, தலைகால் புரியாம ஆடுவான். மருந்தடிக்கிற டேங்குக்கு எத்தன மூடின்னா... அட, ஏ.டி.எம். நம்பர மறக்கேன்னு வீட்டுக்காரி முருகேஸ்வரி வையிறா. இந்தா, அதையும் சொல்லிப்புடுறேன். நாலு, ஒம்பது..."

கண்மணி பாய்ந்து நிறுத்தினாள்.

"ஆத்தாடி!" வேலப்பன் ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டான். "மூணு வருசமா என் மருந்தக் குப்பைன்னு சொன்னீகளே மச்சான்!"

"என் கம்ப்யூட்டரச் சந்தேகப்பட்டுட்டு, நீங்களே நம்பரப் போனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க?" என்றாள் கண்மணி.

"எழுதி வச்சா எவனாச்சும் படிச்சிருவான்னுதேன் வாயால சொன்னேன்."

அந்தப் பேச்சைக் கார்டிலும் போனிலும் அழிக்க வேண்டும், பேங்கில் நம்பரையும் மாற்ற வேண்டும் என்றாள். திருமலைச்சாமி பதறினார்.

"அதுலதான தாயி மருந்து அளவு இருக்கு!"

"அளவு இங்கதான் நிக்கிது" என்று வேலப்பன் நெஞ்சைத் தட்டினான். "வாயத் தொறந்து கேளுங்க."

திருமலைச்சாமி தெருவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "சொல்லித் தொலையேன்லே."

"மாப்ளன்னு சொல்லிக் கேளுங்க."

"...மாப்ள."

"அஞ்சு மூடி வேப்பெண்ணெய். கரையிறதுக்கு ஒரு துண்டு சோப்பு." கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான் வேலப்பன். திருமலைச்சாமியின் மீசைக்கடியிலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மூன்று டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. பேச்செல்லாம் திரும்ப ஏறி, இடம் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. முதல் வேலையாக ஐந்து மூடிக் கணக்கை வேலப்பன் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிந்துகொண்டார்.

"இனிமே எதாவது ஆப் வந்து ரூட் அனுமதி, அதான் அந்தச் சாவி, கேட்டா என்னன்னு தெரியாமக் குடுத்துராதீங்க. பூட்டத் திறந்த போன்ல பேங்க் சோலியும் வேண்டாம்" என்றாள் கண்மணி.

"நானா குடுப்பேன்? பெத்த மகனுக்கே குடுக்க மாட்டேன்." கார்டை மடியில் முடிந்துகொண்டார். "அது கெடக்கட்டும், அந்த நம்பர் எங்க போச்சு?"

"எங்கயும் போகல பெரியப்பா. அழிஞ்சிருச்சு."

"எங்கயும் போகாம எப்படி அழியும்?"

கண்மணி விளக்க வாயெடுத்தாள். அவர் கையை உதறிவிட்டுப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். "எவன்கிட்டயோதேன் இருக்கு. மாப்ள, வெரசா வா, பேங்கப் பூட்டிருவான்."