மங்களேஸ்வரி நிறம் தீட்டிய கவுண்டி

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு நாட்டுப்புறக் கவுண்டி, ஜனாதிபதித் தேர்தல்களில் எந்தெந்தக் கட்சிக்கு வாக்களித்தது என்ற விவரம். (கவுண்டியை ஒரு சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஒஸ்லோவில் ரயிலுக்குக் காத்திருந்தபோது சும்மா வாசித்தேன். இதை வைத்து யாராவது கதை எழுதுவார்களா என்று சிரிப்பு வந்தது. எழுதுகிற பைத்தியம் இதோ.

2.
முதல் தொடக்கம்: "மக்காச்சோள வயல்களின் மேல் சூரியன்..."

வேண்டாம். மக்காச்சோளத்தை நான் தகரப் பேணியில்தான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில், தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு, மங்களேஸ்வரி தான் நிறம் தீட்டிய காகித மட்டையை ரசித்துக்கொண்டிருந்தாள். இது பரவாயில்லை.

அவள் பாலர் பள்ளியில் உதவியாளர். தகுதிச் சான்றிதழுக்காக வளர்ந்தோர் வகுப்புக்குப் போகிறாள். வகுப்பின் முன் நின்று பேசினால்தான் தேர்ச்சி. இரண்டு தடவை காய்ச்சல் என்று சொல்லித் தப்பிவிட்டாள். இன்றைக்குக் கடைசி வாய்ப்பு. சமூகக் கல்வி ஆசிரியர் யூலியன் அவளுக்குக் கொடுத்த தலைப்பு அந்தக் கவுண்டி. ஒரு தேர்தலுக்கு ஒரு பட்டையாகத் தீட்டியிருந்தாள்: மேலே பழைய தேர்தல்களில் ஜனநாயகக் கட்சியின் சிவப்பு, நடுவில் இழுபறி, கீழே ஒரேயடியாகக் குடியரசுக் கட்சியின் நீலம்.

3.
(கணவரை நல்லவராக்குவதா, நொட்டை சொல்பவராக்குவதா என்று யோசித்தேன். குகதாசன் இரண்டும்தான்.)

"இஞ்சேரும், மாறிப் பூசிப்போட்டீர்," என்றார் குகதாசன். "ஜனநாயகக் கட்சிதான் நீலம். மற்றது சிவப்பு."

"என்னப்பா கதைக்கிறீங்கள்? சிவப்பெண்டால் இடது, நீலமெண்டால் வலது. இஞ்சை எத்தினை தரம் வோட்டுப் போட்டனாங்கள்?"

"இஞ்சை ஓம். அமெரிக்காவிலை மறுவளம்."

நோர்வேயில் வாக்களித்துப் பழகியவர்களுக்கு வரக்கூடிய பிழை. மங்களேஸ்வரி மட்டையைக் கவிழ்த்து வைத்தாள். காய்ச்சல் என்று சொல்வதற்குப் போனை எடுத்தாள். பாவமாக இருந்தது எனக்கு. கதை இங்கேயே படுத்துவிடுமோ என்ற பயமும்...

4.
முடிவு அ: வீட்டிலேயே நின்றுவிடுகிறாள். (எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். மனம் ஒப்பவில்லை.)

முடிவு ஆ: புது மட்டை வாங்க ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்கு ஓடுகிறார் குகதாசன், வழியில் பனி... சீ, சினிமா.

முடிவு இ: நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவளே போனை வைத்துவிட்டாள்.

"மாத்தேல்லை. இப்பிடியே கொண்டு போறன்."

"பிழையெண்டு சொன்னால்?"

"சொல்லட்டும். பதில் சொல்ல எனக்கு வாய் இருக்குதானே."

5.
வகுப்பின் முன் மட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு, நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள்: "அமெரிக்காவில் இந்த நிறங்கள் தலைகீழ். நான் வாக்களிப்பது இங்கே. அதனால் எனக்குப் பழகிய நிறத்தில் தீட்டினேன்." வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு குரல் தானாக வந்தது. பட்டைகளைக் காட்டி, அந்தக் கவுண்டியின் பால் தொழிற்சாலை மூடப்பட்டதையும், பிறகு பள்ளிக்கூடம் மூடப்பட்டதையும் சொன்னாள். வாக்குக் கேட்க மட்டும் வந்தவர்களைப் பற்றி, கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்.

"கேள்வி ஏதும் இருக்கிறதா?" என்றார் யூலியன்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. யாருடைய கை என்று நான் தீர்மானிக்கவில்லை, உங்களுடையதாகவே இருக்கட்டும். மங்களேஸ்வரி உங்களைப் பார்த்துத் தலையசைக்கிறாள். கஷ்டமான கேள்வியாகவே கேளுங்கள்.