பின்முற்றத்துப் புல்லை வெட்டும் நாள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் போட்ட ஒரு கையெழுத்திலிருந்து பிறந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்முற்றத்தில் ‘மண்டிக் கிடக்கும் புதரை உடனடியாக வெட்டி அகற்ற வேண்டும்’ என்று ஒரு கடிதம் வீடு வீடாக வந்தது. கதவைத் திறந்தபோது என் கையில் பேனா இருந்தது. பதினேழாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதியில் விட்டிருந்த பத்திக்குத் திரும்பிப் போய்விட்டேன். அந்தப் பத்தி இயற்கையின் அழகைப் பற்றியது.

(கடைசி வாக்கியம் கதைக்காகச் சேர்த்ததல்ல. நம்புங்கள்.)

2

இனி கதையைத் தொடங்க வேண்டும்.

‘அந்தத் தோட்டக்காரிக்குச் செடிகளின் மொழி தெரியும்—’

இதை அவளிடமே படித்துக் காட்டினேன். செடிக்கு மொழியெல்லாம் இல்லை, வேர்தான் இருக்கிறது என்றாள். விட்டுவிட்டேன்.

‘விடியலின் பொற்கதிர்கள் தும்பைப் பூவின் மீது—’

இதை யாரிடமும் படித்துக் காட்டவில்லை. நானே அடித்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பின்முற்றத்தில் முன்பு ஒரு புல்தரை இருந்தது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நடுவில் சொட்டை விழும். தோட்டக்காரி அதைப் பாய்போலச் சுருட்டி எடுத்தாள். எரு போடவில்லை, கொழுத்த மண்ணில் களைதான் முந்திக்கொள்ளும் என்றாள். இந்த மண்ணில் தானாக வளரும் புற்களையும், தும்பை, துத்தி, கொழுஞ்சி என்று சுற்றுவட்டாரத்துச் செடிகளையும் கை வைக்க இடமில்லாத நெருக்கத்தில் நட்டாள். ஓராண்டில் எல்லாம் இடுப்புயரம் வந்தன. தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்தாயிற்று. அவள் ஆனந்தப்பட்டாள். நாங்கள் கடிதம் எழுதினோம்.

3

வில்லி ஒருத்தி வேண்டுமே என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பிடித்தேன். மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறவள். வசதியாக, தோட்டக்காரியின் நாத்தனாரும்கூட. அண்ணியை மட்டம் தட்டவே கடிதத்தைக் கிளப்பினாள் என்று இரண்டு பக்கம் விறுவிறுவென்று எழுதினேன்.

விசாரித்தபோது அந்த இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின. தோட்ட வேலையை அண்ணிக்குக் கொடுங்கள் என்று கூட்டத்தில் தனியாளாக நின்று வாதாடியவள் இந்த நாத்தனார்தான். சொந்தக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்ற பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். செடிகள் வளர வளர, லிஃப்டில் தினமும் யாராவது ஒருவர் ‘உங்க அண்ணியோட காடு எப்படி இருக்கு?’ என்று கேட்பார். அவள் மாடிப்படி ஏற ஆரம்பித்தாள். அவள் வீடு ஆறாவது மாடி.

கடிதத்தோடு அண்ணி வீட்டுக்கு அவள் போன திங்கட்கிழமையைப் பற்றி இருவரும் என்னிடம் சொன்னார்கள். ஆச்சரியம், இருவர் சொன்னதும் ஒத்துப்போனது.

“அண்ணி, செயலாளரா பேசவா, நாத்தனாரா பேசவா?”

“செயலாளராவே பேசு. நாத்தனாரா பேசினா உள்ளேருந்து உங்க அண்ணன் எழுந்து வந்துடுவார்.”

சனிக்கிழமை பத்து மணிக்குப் புல்வெட்டும் ஆள் வருகிறார், முழுவதையும் தரையோடு எடுத்துவிடப் போகிறோம் என்று நாத்தனார் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். தோட்டக்காரி கடிதத்தை வாங்கிப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

“நீயும் போட்டிருக்கியா?”

“போட்டேன் அண்ணி.”

தோட்டக்காரி கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளேயிருந்து அண்ணன் எழுந்து வந்து, யாராவது ஏதாவது பேசுங்களேன் என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

4

இந்த இடத்தில் தோட்டக்காரி மீது எனக்கே சந்தேகம் வந்தது. இவளுடைய பிடிவாதத்தை நான் வீரம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேனா?

செவ்வாய் முழுக்க அவள் கோபமாக இருந்தாள். சீவிச் சிங்காரித்துக்கொள்ள இதென்ன கல்யாணப் பெண்ணா, இயற்கைக்கு எதற்குச் சீப்பு என்று கணவரிடம் கத்தினாள். புதன்கிழமை காலை எங்கள் குடியிருப்புக்கு வந்தாள். முற்றத்துக்குப் போகாமல், என்ன தோன்றியதோ, மாடி ஏறினாள். இரண்டாவது மாடி நடையில் நின்று கீழே பார்த்தாள்.

வடிவமே இல்லை. அவள் போட்டிருந்த நடைபாதையைச் செடிகள் இருபுறமும் சாய்ந்து மூடியிருந்தன. பெஞ்சுகள் இரண்டும் காணாமல் போயிருந்தன. தினமும் கீழே நின்று ஒவ்வொரு பூவாகப் பார்த்தவளுக்குத் தெரியாதது, மேலேயிருந்து பார்க்கும் நாற்பது வீட்டுக்கும் தெரிந்திருந்தது: இந்த இடத்தைக் கவனிக்க ஆள் இல்லை.

‘அந்தக் கணத்தில் அவள் கண்களில் நீர்—’

இல்லை, அழவில்லை. “முட்டாள், ஓரம் வெட்ட மறந்துட்டியே” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எனக்கு நன்றாகக் கேட்டது. நான் குப்பைக்கூடையோடு அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

5

சனிக்கிழமை. புல்வெட்டி இயந்திரத்தோடு வந்தவரை எல்லாரும் ‘சம்மர் கட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கொடுத்தாலும் ஒட்ட வெட்டிவிடுவார். அவர் வருவதற்குள் தோட்டக்காரி முற்றத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முடித்திருந்தாள். நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் ஒரு முழ அகலம், செடிகளுக்கு நடுவில் வளைந்து போகும் ஒரு வழி, பெஞ்சுகளைச் சுற்றி ஒரு வட்டம். கோட்டுக்குள் மட்டும் வெட்டுங்கள் என்றாள். முழுசா எடுக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று அவர் தலையைச் சொறிந்தார்.

நாத்தனார் படி இறங்கி வந்தாள். பால்கனிகளில் ஏகப்பட்ட தலைகள். (ஒன்று என்னுடையது.) தோட்டக்காரி கோட்டைக் காட்டினாள்.

“பாதையை மூட விட்டது என் தப்பு. இதை மட்டும் வெட்டிப் பாரு. அப்பவும் புதராத்தான் தெரிஞ்சா, மிச்சத்தை நானே வெட்டறேன்.”

நாத்தனார் கோட்டைப் பார்த்தாள். மேலே நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். ஆறு மாதம் படியேறிய கால்களை நினைத்தாளோ என்னவோ, சம்மர் கட் பக்கம் திரும்பினாள்.

“கோட்டுக்குள்ள மட்டும் வெட்டுங்க. கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வண்ணத்துப்பூச்சிகள் படையெடுத்து வந்தன, எல்லாரும் கைதட்டினார்கள். இன்னொன்றில் மழை. மூன்றாவதில் நாத்தனாரும் அண்ணியும் கட்டிக்கொண்டார்கள். எதுவும் நடக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்: இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடி நின்றது. மேலேயிருந்து பார்த்தோம். அதே செடிகள், அதே உயரம். ஆனால் சுற்றிலும் ஒரு சுத்தமான விளிம்பு விழுந்ததும் புதர் தோட்டமாகிவிட்டது. நான்காம் வீட்டுக்காரர், அந்தக் கடிதத்தை எழுதியவரே, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போய் நடு வழியில் ஒரு சுற்று நடந்தார். ஊதாவாகப் பூத்திருப்பது என்ன என்று கேட்டார். கொழுஞ்சி என்றாள் தோட்டக்காரி.

அடுத்த வாரம் நாத்தனார் ஒரு பெயர்ப்பலகை வைத்தாள். கடைப் புத்தி போகுமா? கண் பரிசோதிக்கும் அட்டைபோல மேலே பெரிய எழுத்தில் தும்பை, அடுத்து துத்தி, கீழே போகப் போகப் பொடி எழுத்து. கடைசி வரியை நின்ற இடத்திலிருந்து படிக்க முடியாத மூன்று பேர் அவள் கடைக்குப் போனார்கள். அவள் இப்போது லிஃப்டில்தான் போகிறாள்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே சன்னலுக்குக் கீழே சத்தம் கேட்கிறது.

பூ முடிந்து, விதை கொட்டி, தண்டுகள் காய்ந்து நிற்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் வெட்டும் நாள் இன்று. வெட்டாவிட்டால் புல் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும், இதுவும் பராமரிப்புதான் என்கிறாள் தோட்டக்காரி. சம்மர் கட் இயந்திரத்தைக் கிளப்புவதும் அணைப்பதுமாக நிற்கிறார். அவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பது நாத்தனார். உள்ளே துளையான ஒரு தண்டில் சின்னத் தேனீ ஒன்று கூடு கட்டி, துளையின் வாயை மண்ணால் அடைப்பதைக் காலையில் தன் கண்ணால் பார்த்தாளாம்.

“ஒரு குச்சியைக்கூட வெட்ட விடமாட்டேன் அண்ணி.”

“முட்டிக்கு மேலதான் வெட்டப்போறோம். கீழ இருக்கறது அப்படியே நிக்கும்.”

“அது முட்டிக்கு மேலதான் போச்சு.”

தோட்டக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, எந்தத் தண்டு, காட்டு என்கிறாள். நாத்தனார் திரும்பிப் பார்க்கிறாள். எல்லாத் தண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன.

இருவரும் குனிந்து தேடுகிறார்கள். சம்மர் கட்டும் இயந்திரத்தை வைத்துவிட்டுக் குனிகிறார். கண்டுபிடித்தார்களா, வெட்டினார்களா என்று நான் எழுதப்போவதில்லை. எழுத எனக்கு நேரமும் இல்லை. கீழேயிருந்து கூப்பிடுகிறார்கள், மூன்று பேர் போதவில்லையாம். நீங்களும் சும்மாதானே இருக்கிறீர்கள், வாருங்கள். அந்தக் கோடியிலிருந்து தொடங்குங்கள்.