நின்றுபோன நாலு கை

சின்னமனூரில் மேகமலைக்குப் பிரிகிற சாலையில் இருக்கிறது அந்தக் குளிர்பதனக் கிடங்கு. உள்ளே கப்பலேறப் போகிற பச்சை வாழைக்காய், பதிமூன்று டிகிரியில். பின்பக்கம் கூலிங் டவர். குளிரூட்டும் மெஷினின் சூட்டை வாங்கிய தண்ணீர் பம்பில் ஏறி, டவர் உச்சியில் நாலு குழாய்க் கைகள் வழியாகக் கொட்டும். கைகளுக்கு மோட்டார் கிடையாது. சின்னத் துளைகளில் தண்ணீர் சாய்வாகச் சீறுகிற வேகத்தில் அவை தாமாகவே சுற்றும். சுற்றினால்தான் கீழே தேன்கூடு மாதிரி அடுக்கிய தகடுகளெல்லாம் ஒன்றுபோல நனைந்து, காற்றுப் பட்டுத் தண்ணீர் ஆறும்.

போர்த் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. வாரம் தவறாமல் துளை அடைக்கும். ஆபரேட்டர் பேச்சிமுத்து பதினாறு வருஷமாகச் சைக்கிள் கம்பியால் குத்தி எடுத்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு ஏணியைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல்தான். தேவதானப்பட்டியில் கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்குப் புறப்பட்ட வியாழக்கிழமை, டிரில்லோடு மேலே ஏறி, எல்லாத் துளையையும் பெரிசாக்கிவிட்டார். இனி எந்த உப்பு அடைக்கிறதென்று பார்ப்போம் என்று, கை சுற்றுகிறதா என்றுகூடப் பார்க்க நிற்காமல் நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் மெஷின் சூடேறி நின்று கிடந்தது; பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிடங்கில் இருபத்தொரு டிகிரி. முப்பது டன் காயும் மஞ்சள் தட்டிவிட்டது, கப்பலுக்கு ஆகாது. மேனேஜர் ஆதித்தன் டவர் அடியில் நின்றுகொண்டு, மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார்.

பேச்சிமுத்து ஏறிப் பார்த்தார். பெரிய துளையில் தண்ணீர் சீறாமல் சும்மா வழிந்தது. உந்த வேகமில்லாமல் நாலு கையும் அசையாமல் நின்றன. அவற்றுக்கு நேர் கீழே நாலு கோடு ஈரம். மற்றத் தகடெல்லாம் வெயிலில் வெளுத்துக் காய்ந்து கிடந்தன.

"என்னய்யா அங்கன?"

"உப்பு அடைச்சிருக்கு சார்."

வாயிலிருந்து அதுதான் வந்தது. இனிக் குத்தி எடுத்துப் பிரயோசனமில்லை, புதுக் கைதான் போடணும் என்றும் சொல்லிவிட்டார்.

ஷிப்டுக்கு ஒரு தடவை ஏறிப் பார்த்து நோட்டில் டிக் போட வேண்டும் என்பது சட்டம். வெள்ளியும் சனியும் டிக் இருந்தது. போட்டவன், அவர் இல்லாத நாளில் டவரைப் பார்த்துக்கொண்ட உதவியாள் வேல்பாண்டி. ஏறாமலே போட்டதை அவன் மறைக்கவில்லை. மேனேஜர் அவனை அன்றே வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் பேச்சிமுத்து ஆபீஸ் அறை வாசல் வரைக்கும் போனார். மேனேஜர் நிமிர்ந்து பார்த்ததும், "புதுக் கை எப்ப சார் வரும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

கேட்டுக்குப் பக்கத்தில் வேல்பாண்டி சாப்பாட்டுத் தூக்கோடு நின்றான். சாலையில் மேகமலைக்குப் போகிற வேன்கள்.

"தண்ணிச் சத்தம் கேட்டுச்சுண்ணே. சுத்துதுன்னு நெனச்சுட்டேன். நீங்களா இருந்தா ஏறிப் பாத்திருப்பீக."

பேச்சிமுத்து தூக்கைப் பார்த்தார். "சாப்பிட்டியாப்பா?" என்றார்.

"யுவராணிகிட்ட என்ன சொல்லன்னுதான் தெரியல," என்று சொல்லிவிட்டு வேல்பாண்டி நடந்தான். அவன் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம்.

புதுக் கைகள் வந்து மாட்டியாயிற்று. சின்னத் துளை, ஜோராகச் சுற்றுகின்றன. பழைய கைகளைச் சாக்கில் சுற்றி, இரும்புக் கடைக்குப் பேச்சிமுத்துவே கொண்டுபோய்ப் போட்டார். வேல்பாண்டி இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. தினமும் ரெண்டு தடவை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரேதான் ஏறுகிறார். ஏறாமல் ஒரு டிக்கும் போடுவதில்லை.