சின்னம்மா ஏசிய ஏச்சு

ஆரையம்பதியில் பாலர் பாடசாலை நடத்தும் கண்ணகை டீச்சரை டிவி நாடகத்தில் நடிக்கக் கேட்டார்கள் என்றதும் ஊருக்கு வாயெல்லாம் பல். என்ன வேடம் என்று தெரிந்ததும் சிரிப்பு இன்னும் கூடிப்போனது. தாயில்லாப் பெண்ணை அடுப்படியில் போட்டு வாட்டுகிற சின்னம்மா வேடம். கடைசியில் ராசகுமாரன் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைவானே, அந்தக் கதைதான். அதை நம்மூர்க் கதையாக மாற்றி, சித்திரை வருடப் பிறப்புக்கு ஒளிபரப்பப் போகிறார்களாம். இதில் ராசகுமாரன் வெளிநாட்டு மாப்பிள்ளை. செருப்புத் தொலைவது கோயில் திருவிழாவில். கோயில் வாசலில் செருப்பைத் தொலைக்காத ஆள் இந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அத்தனை பேரையும் தேடி மாப்பிள்ளை வந்தால் ஊர் தாங்குமா?

"டீச்சர் நடிக்கவும் வேணுமா? வீட்டுல செய்யிற வேலைதானே" என்று சந்தையில் ஒருத்தி சொன்னாள். கண்ணகை நிஜத்திலும் சின்னம்மாதான். ஆனால் சொன்னவளை அந்த வீட்டில் ஒரு கிழமை குடிவைத்திருக்க வேண்டும். பதினாலு வருடத்தில் கண்ணகை தன் கணவரின் மகள் யசோதினியைப் பார்த்து ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பகுதியில் வீடு பெண்ணுடையது. தாய் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவான். கண்ணகையின் கணவர் வினாயகமூர்த்தியும் அப்படி வந்தவர்தான். முதல் மனைவி காய்ச்சலில் போனபோது வீட்டு உறுதிப் பத்திரம் பத்து வயது யசோதினியின் பேருக்கு ஆனது. மறுகல்யாணம் செய்கிறவர் புதுப் பெண்ணின் வீட்டுக்குப் போவதுதான் முறை. கண்ணகைக்கோ வீடே இல்லை. கல்லடிக் கடற்கரையில் அவளுக்கென்று கட்டிய வீட்டைச் சுனாமி வழித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் அவள்தான் ஒரு பையோடு அந்தச் சின்னப் பிள்ளையின் வீட்டுக்கு வந்தாள்.

வந்தவள் வந்த மாதிரியே இருந்தாள். சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை, வளவில் ஒரு மரம் நடவில்லை. பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்தாள். ஆனால் கண்டிக்க வேண்டிய இடத்திலெல்லாம் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய வீட்டில் இருந்துகொண்டு அவளையே ஏசுவதா? ஏசினால் சின்னம்மாக்காரி ஏசுகிறாள் என்றுதானே ஊர் சொல்லும்.

இப்போது யசோதினிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை சுதாகரன் வந்ததும் பெரியவர்கள் ஒதுங்க வேண்டும். பெற்ற தாய் என்றால் அதே வளவுக்குள் ஓர் அறையைப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவாள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கண்ணகை எந்த உரிமையில் கேட்பது? கல்லடியில் வாடகைக்கு ஒரு வீடு பேசி வைத்தாயிற்று. யசோதினி போங்க என்றும் சொல்லவில்லை, இருங்க என்றும் சொல்லவில்லை. இருங்க என்ற அந்த ஒரு சொல்லுக்குக் கண்ணகை எவ்வளவு ஏங்கினாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நாடகத்தை எடுத்த ரதீஸின் பிள்ளை அவளுடைய பாடசாலையில் படிக்கிறது. அதனால் அவன் கேட்டபோது தட்ட முடியவில்லை. வாவிக்கரையில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. கண்ணகை சொல்ல வேண்டிய முதல் வசனம் இது: "இது என்ட வீடு. புடிக்காட்டி வெளிய போ."

அவளுக்கு நாக்கு எழவில்லை. மூன்று தடவை எடுத்தார்கள். நாலாம் தடவை, "இது உன்ட வீடு" என்று சொல்லிவிட்டு நின்றாள். கமராக்காரன் தலையில் கைவைத்தான்.

"தம்பி, இந்தக் கதை எங்கட ஊருக்குச் சரிவராது" என்றாள் கண்ணகை. "தாய் செத்தா வீடு புள்ளைக்குத்தானே. பிறகு வந்தவள் எப்பிடி வெளிய போ எண்டு சொல்லுவாள்? உறுதிய எடுத்துக் காட்டினா அவள்தான் போகணும்."

ரதீஸ் கல்லடியில் பிறந்து, ஆரையம்பதியில் பெண்ணெடுத்து, ஆறு வருடமாக மனைவி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன். அவனுக்கே எழுதும்போது இது தோன்றவில்லை. எங்கிருந்தோ வந்த கதையை அப்படியே இறக்கினால் இப்படித்தான். அவன் அசடு வழிந்தான்.

"ஓம் டீச்சர், நீங்க சொல்றது சரிதான். வீட்டுக் கதைய விடுவம். உங்கட வாய்க்கு வந்தபடி ஏசுங்க. அது போதும்."

மகளாக நடித்த பெண் ஈரத்தலையோடு நின்றபடி பணிஸ் தின்றுகொண்டிருந்தாள். கண்ணகை அவளைப் பார்த்தாள். எங்கிருந்து வந்ததோ, பொலபொலவென்று வந்தது.

"நிண்டு தின்னாத எண்டு எத்தினை தரம் சொல்ற? இருந்து தின்னு. ஈரத்தலையோட திரிஞ்சு சளி புடிச்சா ஆரு பாக்கிற? பஸ்ஸுக்கு நேரமாச்செண்டு வெறும் வயித்தோட ஓடுற. சைக்கிளால விழுந்து முழங்கால கிழிச்சுப்போட்டு, அதை மறைச்சு நொண்டித் திரியிற. என்னட்டக் காட்டினா என்ன? நான் ஆரு உனக்கு?"

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "இது கொடுமைக்காரி ஏச்சு மாதிரி இல்லையே" என்று ரதீஸ் தலையைச் சொறிந்தான். பிறகு, கிடக்கட்டும் என்று வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கண்ணகைக்கு உறைத்தது. சொன்னதில் ஒரு சொல்கூட அந்த நடிகைக்குச் சொன்னதல்ல. பதினாலு வருடமாக விழுங்கியதை ஊருக்கே கேட்கிற மாதிரி கக்கிவிட்டாள். யசோதினி அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்?

வருடப் பிறப்பன்று பின்னேரம் நாலு மணிக்கு நாடகம் போனது. வினாயகமூர்த்தி மத்தியானச் சாப்பாட்டின் மயக்கத்தில் கதிரையில் சாய்ந்தபடியே உறங்கிவிட்டார். யசோதினி டிவிக்கு முன்னால் இருந்தாள். கண்ணகை குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு அதன் வாசலில் நின்று, திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தாள். ஏச்சு வந்தது. யசோதினியின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுபோனது. ராசகுமாரன் செருப்போடு வாசல் படலையைத் திறக்கும் முன்னமே அவள் டிவியை நிறுத்திவிட்டாள்.

"சின்னம்மா, அந்த முழங்கால் கதை அவங்க எழுதித் தந்ததா?"

"இல்ல."

"நான் அப்ப ஒம்பதாம் ஆண்டு. உங்களுக்குத் தெரியாதெண்டுதான் நினைச்சிருந்தன்."

"தெரியும். நீ நித்திரையா இருக்கக்குள்ள மருந்து பூசினன்."

யசோதினி தன் முழங்காலைத் தடவிப் பார்த்தாள்.

"கூடப் படிச்ச புள்ளைகள் எல்லாம் அம்மா ஏசினா, அம்மா ஏசினா எண்டு வந்து சொல்லுவாங்க" என்றாள் பிறகு. "எனக்குச் சொல்ல ஒண்டும் இருக்காது. காலைக் காட்டினாலும் நீங்க ஏசமாட்டீங்க எண்டு தெரியும். அதுதான் காட்டல்ல. நான் விழுந்தா என்ன, எழும்பினா என்ன, இவங்க எப்பவும் போறதுக்கு ஆயத்தமா இருக்கிற ஆள் எண்டு நினைச்சன்."

கண்ணகை பயந்து பயந்து காத்த மரியாதை பிள்ளைக்கு இப்படியா போய்ச் சேர்ந்தது? "நான் நினைச்சது வேற, புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

யசோதினி அவளைத் தாண்டிக் குசினிக்குள் போனாள். பாற்சோற்றுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தாள். கதவில் சாய்ந்து நின்றபடி கடித்தாள்.

"கல்லடி வீட்டுக்காரனுக்கு வரல்ல எண்டு சொல்லுங்க" என்றாள். "கிணத்துக்கு அங்கால வளவு சும்மாதானே கிடக்கு. அதுல ஒரு அறையப் போடுவம். நீங்க அங்க போயிட்டா என்னை ஆரு ஏசுற?"

கண்ணகை வாயைத் திறந்தாள். பழக்கதோசத்தில் மூடினாள். பிறகு மறுபடியும் திறந்தாள்.

"நிண்டு தின்னாத எண்டு எத்தினை தரம் சொல்ற?"

கதிரையில் உறங்கிய வினாயகமூர்த்தி திடுக்கிட்டு விழித்தார். பலகையை இழுத்துப் போட்டு அதில் இருந்தாள் யசோதினி.

"ஓம் அம்மா" என்றாள்.