சிவப்புக் குஞ்சம் வைத்த குல்லா

பதின்மூன்று வருடம் சைபீரியாவில் கிடந்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு ஏப்ரலில் புல்குன் தென் ரஷ்யாவின் கல்மிக் புல்வெளிக்குத் திரும்பினாள். போர்க்காலத்தில் துரோகிகள் என்று சொல்லி கல்மிக் சனம் மொத்தத்தையும் ராணுவம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது கணவன் சந்த்ஜி கூட இருந்தான், கையில் பெண் குழந்தை தெல்கிர். இப்போது வளர்ந்த தெல்கிர் மட்டும்தான். சந்த்ஜியை அங்கேயே ஓம்ஸ்க் பக்கம் பனியில் புதைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஊரில் அவர்கள் வீடு அப்படியே நின்றது. புகைபோக்கியில் புகை. ரயிலில் வரும்போதே சேர்த்து வைத்த வசவுகளோடு புல்குன் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் ஒரு ரஷ்யப் பெண். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் மாவு. புல்குனின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"வீட்டுக்காரங்களா?"

"ஆமா. நீ பிடிச்சிட்டு நிக்கிற கதவு நிலை என் புருசன் செதுக்கினது."

"என் பேரு கிளாஃபிரா. நாங்களா வரலம்மா. எங்க ஊரு சண்டையில எரிஞ்சு போச்சு. காலி வீடுன்னு சொல்லி இங்க கொண்டாந்து விட்டாங்க. வந்து பாத்தா, மேசையில ஊத்தி வச்ச டீ கோப்பையிலேயே உறைஞ்சு கெடந்துச்சு."

உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தாள். பிரித்தால் சந்த்ஜியின் மஞ்சள் குல்லா. உச்சியில் சிவப்புப் பட்டுக் குஞ்சம்.

"பழைய சாமானையெல்லாம் எரிச்சிடுங்கன்னாங்க. பொய் சொல்ல மாட்டேன், எரிச்சேன். இத மட்டும் எரிக்கக் கை வரல."

"சாமி படத்தையுமா எரிச்ச?"

"அதையும்தான்."

புல்குன் கையை ஓங்கினாள். அறைந்திருப்பாள். அதற்குள் தெல்கிர் குல்லாவைக் கையில் வாங்கி, "இது என்னம்மா, நாடகத்துல போடறதா?" என்று கேட்டாள்.

சிவப்புக் குஞ்சக்காரர்கள் என்றே தங்களைச் சொல்லிக்கொள்ளும் சனம் கல்மிக்குகள். அதில் பிறந்த பெண் இதைப் பார்த்ததே இல்லை. சைபீரியாவில் யார் இதைப் போட்டுக்கொள்ளத் துணிந்தார்கள்?

"உங்கப்பா இத வச்சிட்டுத்தான்டி என்னப் பொண்ணு கேக்க வந்தாரு. குஞ்சம் ஆடுறதப் பாத்தே சரின்னுட்டேன். மூஞ்சிய அப்புறந்தான் பாத்தேன்."

கிளாஃபிரா சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். புல்குனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையாக மாறியது.

"வெளியிலயே நிக்கிறீங்களே," என்றாள் கிளாஃபிரா. "உள்ள வாங்க."

வீட்டின் குறுக்கே ஒரு துணியைக் கட்டி ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொண்டார்கள். வேறு வீடு கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அதுவரை அடுப்புக்காகத் தினமும் சண்டை. படத்தை எரித்ததைப் புல்குன் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஆனால் கிளாஃபிரா காய்ச்சலில் படுத்த வாரம் முழுக்க அவளுடைய மாட்டைக் கறந்தது புல்குன்தான்.