ஒளித்து வைத்த மாத்திரை

விசாலாக்ஷிக்கு இந்த அலறல் பழக்கப்பட்டதுதான். ஸ்மாக் என்கிற போதைப் புகையில் கிடந்த நாட்களில் அவள் பிள்ளை வைத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் புரளுவான். டாக்டர் வலிக்கு ஊசி போடுவார். அந்தப் போதையில் வீட்டுக்கு வந்ததும் சிரிப்பான். இன்றைக்குக் கால் எலும்பு நிஜமாகவே முறிந்திருக்கிறது. ஸ்கூட்டர் மேல் பஸ் இடித்ததை அவர்கள் குடியிருந்த ஜனக்புரியே பார்த்தது. இருந்தும், 'நடிக்கிறானோ?' என்று அவள் மனசு கேட்டது. சூடு கண்ட பூனை. அவளுக்கே தன்மேல் அலுப்பாக இருந்தது.

எமர்ஜென்சி டாக்டர் போட்ட ஊசி கேட்கவில்லை. இன்னொன்றும் கேட்கவில்லை.

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?" என்றார் இந்தியில்.

விசாலாக்ஷி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ருக்கு நின்றாள். அடுத்த ஃப்ளாட்டுக்காரி, ஆட்டோ பிடித்துக் கூடவே வந்தவள், நல்லவள்தான். ஆனால் வாய் தமுக்கு. தினமும் காலையில் வைத்தியின் நாக்குக்கு அடியில் கரைகிற மாத்திரையை அல்சர் மாத்திரை என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தது. போதையை விடுவதற்கான மாத்திரை என்று தெரிந்தால் அங்கத்திய தமிழர்கள் பிள்ளைகளை அனுப்புகிற தமிழ்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் பரவிவிடும்.

வைத்தி அம்மாவின் தலைப்பைப் பிடித்து இழுத்தான். "மாத்திரையைப் பத்திச் சொல்லிடும்மா. அதுதான் ஊசியை வேலை செய்ய விடமாட்டேங்கறது. மாத்திரை குடுத்த டாக்டர் அன்னிக்கே சொன்னாரே."

ஊசிக்கு அலைகிறவன் இதைச் சொல்லச் சொல்லுவானா? மறைக்கத்தானே பார்ப்பான். இங்கே மறைத்துக்கொண்டிருந்தது அவள்தான்.

"டாக்டர் சாப்," என்று வார்டுக்கே கேட்கும்படி இந்தியில் சொன்னாள். "என் பிள்ளை ஸ்மாக் அடித்தவன். விட்டுவிட்டான். விடுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறான். ஆனால் இந்த வலி நிஜம்."

"நஷேடி," என்று டாக்டர் நர்ஸிடம் முணுமுணுத்தார். போதைக்காரன் என்று அர்த்தம்.

"விட்டுவிட்டான் என்றேனே," என்றாள் விசாலாக்ஷி. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

கடைசியில் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் மாத்திரையின் பேரைக் கேட்டுக்கொண்டார். முன்னே போட்ட ஊசிகளால் மூச்சு குறையலாம், கவனியுங்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, முதுகில் ஓர் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார். மாத்திரையை நிறுத்தவேண்டாம், காலையில் வழக்கம்போலக் கொடுங்கள் என்றார். அலறல் ஓய்ந்தது.

ருக்கு அவள் தோளைத் தொட்டாள். "நீ இவனை விட்டு நகராதே, விசாலம். சாவியைக் குடு. காலம்பற மாத்திரையை நான் எடுத்துண்டு வரேன். எங்க வெச்சிருக்கே?"

கண்ணில் பட்டால் விற்றுவிடுவான் என்று ஒளித்து வைப்பதே விசாலாக்ஷிக்கு ஓர் உத்தியோகமாகிவிட்டிருந்தது. மாற்றி மாற்றி வைத்து அவளுக்கே குழம்பும். "உளுந்து டப்பால, அடியில," என்றாள்.

வைத்தி கண்ணைத் திறக்காமலே சொன்னான். "அங்க இல்லம்மா. போன வாரம் மாத்தினியே. சாமி படத்துக்குப் பின்னாடி."

இதுவரை ஒரு மாத்திரைகூடக் குறைந்ததில்லை. விசாலாக்ஷி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.